கறுக்க வைக்க வந்த களிம்பு

1820-ஐ ஒட்டி லண்டனில் எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவர் தன் இரண்டு கைகளையும் வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கையை மூடவில்லை. மற்றதன்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தியிருந்தார். இரண்டு கைகளிலும் வெப்பமானி வைத்திருந்தார். அவரை உறுத்திக்கொண்டிருந்த கேள்வி இது: கறுப்பு நிறம் சூட்டை அதிகம் வாங்கும் என்றால், கறுத்த தோல் கொண்ட ஆப்பிரிக்கர்களைத்தானே வெயில் முதலில் சுட வேண்டும்? வெள்ளைக்காரர்கள் மட்டும் ஏன் வெந்துபோகிறார்கள்? எதிர்பார்த்தபடி துணிக்கு அடியில் பாதரசம் கூடுதலாக ஏறியது. ஆனால் சிவந்து எரிந்தது வெறுங்கைதான். சூடு அதிகம் பட்ட கை அப்படியே இருந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே முடிவு. தோலைச் சுடுவது வெயிலின் சூடு இல்லை, வெளிச்சத்தோடு சேர்ந்து வரும் வேறு ஏதோ ஒன்று என்று அவருக்குப் புரிந்தது.

கடற்கரைக்கு விடுமுறை போகும் வெள்ளைத் தோல்காரர் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடமும் இதுதான். கடற்காற்று உடம்பைக் குளிர வைக்கிறது, அலை நனைக்கிறது, மேகம் பாதி வானத்தை மூடியிருக்கிறது. சுடவே இல்லையே என்று நாலு மணி நேரம் மணலில் கிடப்பார். தோல் உடனே புகார் சொல்வதில்லை. சிவப்பு சில மணி நேரம் கழித்துத்தான் ஏறும். அது உச்சத்துக்குப் போக அரை நாள் முதல் ஒரு நாள்வரை ஆகும். இரவில் படுக்கை விரிப்பு முதுகில் பட்டாலே அலறும் நிலை வரும்போது, பகலில் தோல் செல்களின் மரபணு இழையில் விழவேண்டிய அடிகள் எல்லாம் விழுந்து முடிந்திருக்கும்.

அந்த ‘வேறு ஏதோ ஒன்று’ ஹோமின் சோதனைக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. தோலோடு அதை யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. 1801-இல் ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், வெயிலை முப்பட்டகத்தால் ஏழு நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெள்ளி குளோரைடைக் காட்டிப் பார்த்தார். ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில்தான் அது வேகமாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும் பொருள் அன்று வெளிப்பட்டது. தோலைச் சிவக்க வைப்பது அதுதான் என்பதைச் சோதனையில் காட்டியவர் ஸ்டாக்ஹோமின் கண் மருத்துவர் எரிக் விட்மார்க். ஆண்டு 1889. வெப்பக் கதிர்களை விலக்கினாலும் தோல் சிவந்தது. புற ஊதாவை விலக்கினால் சிவக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரெட்ரிக் ஹாமர், குவினைன் கலந்த களிம்பு பூசினால் வெயிலைத் தடுக்கலாம் என்றார். மலேரியாவுக்குக் கொடுத்த அதே குவினைன்தான். அது புற ஊதாவை உறிஞ்சிக்கொள்ளும். ஹாம்பர்க் துறைமுக நகரில் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, கப்பல் மாலுமிகளின் முகத்திலும் கையிலும் தடித்துச் செதிலாகிப் பின்னர் புற்றாக மாறும் தோலைப் பார்த்து 1894-இல் எழுதி வைத்தார்.

ஆக, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் எதிரி யார், அவன் செய்யும் கேடு என்ன, தடுக்கும் வழி எது என்ற மூன்றும் மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தன. களிம்பு கடைக்கு வந்திருக்க வேண்டும். பெரிதாக வரவில்லை, காரணம் எளிது: வாங்க ஆளில்லை. வசதியுள்ள ஐரோப்பியர்கள் அன்று வெயிலில் நிற்கவே இல்லை. வயலில் வேலை செய்பவனின் தோல்தான் கறுக்கும். வெளுத்த தோல் குடும்பத்தின் அந்தஸ்தைச் சொல்லும். பெண்கள் கையுறையும் குடையும் முகத்திரையும் இல்லாமல் வெளியே போகமாட்டார்கள். கடலில் குளிக்கப் போனாலும், சக்கரம் பூட்டிய மரக் கூண்டுக்குள் உடை மாற்றி, கூண்டையே தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போய் அங்கேயே இறங்கிக் குளித்துவிட்டு வருவார்கள்.

ஆஸ்திரேலியாவில் இதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் பகல் நேரத்தில் மக்கள் கண்ணில் படும்படி கடலில் குளிக்கத் தடை இருந்தது. விடியற்காலையிலும் இருட்டிய பிறகும்தான் குளிக்கலாம். மானத்தைக் காக்க வந்த சட்டம் அது. ஆனால் ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்களின் தோலை உச்சிவெயிலிலிருந்து அது காத்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 1902-இல் சிட்னியின் மேன்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பட்டப்பகலில் கடலில் இறங்கினார். அடுத்த ஆண்டே தடை தளர்ந்தது. மக்களுக்குக் கடல் கிடைத்தது, நல்ல காரியம்தான். கூடவே உச்சிவெயிலும் கிடைத்தது.

வெயிலின்மேல் ஐரோப்பாவுக்குக் காதல் வந்த கதையைச் சொல்லும்போது எல்லோரும் கொக்கோ ஷனெலிடம் போய் நிற்பார்கள். 1920-களில் அந்த ஆடை வடிவமைப்பாளர் தெற்கு பிரான்ஸின் கடலோரத்திலிருந்து மாநிறமாகத் திரும்பினாராம், மறுநாளே பாரிஸ் முழுக்க அது நாகரிகமாகிவிட்டதாம். அவருக்கு இவ்வளவு பெருமை கொடுக்க எனக்கு மனமில்லை. அவருக்கு இருபது ஆண்டுகள் முன்பே மருத்துவர்கள் வழி போட்டுவிட்டார்கள். தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு வாங்கினார். அதே ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் லேசான் மலை ஊரில் ஓகுஸ்த் ரோலியே வெயில் மருத்துவமனை தொடங்கினார். எலும்புக் காசம் பிடித்த பிள்ளைகள் அங்கே இடுப்புத் துணியோடு பனிக்கு நடுவே வெயில் காய்ந்தார்கள். 1919-இல் பெர்லினின் குழந்தை மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கெட்ஸ் வந்து கால் வளைந்த குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கைக் காட்டிக் குணமாக்கினார். இதற்குள் ஏழைகளும் வயலை விட்டுத் தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் போயிருந்தார்கள். வெளுத்த தோல் இப்போது கூலிக்காரனின் அடையாளம். கறுத்த தோல் ஓய்வுக்கும் ஆரோக்கியத்துக்கும் கையில் இருக்கும் காசுக்கும் அடையாளம். ஷனெல் வந்து நின்றது அந்தத் திருப்பத்தில்.

களிம்பு உண்மையில் பிறந்த இடம் இதுதான். வெயிலில் கிடக்க ஆசை, ஆனால் தோல் உரியக்கூடாது. கறுக்க வேண்டும், வேகக்கூடாது. இந்த இரண்டுங்கெட்டான் ஆசைக்கு விடையாக ஒன்று தேவைப்பட்டது.

பாரிஸில் தலைமுடிச் சாயம் செய்து பணக்காரரான வேதியியலாளர் ஓஜேன் ஷுவெல்லேர், லோரியால் நிறுவனத்தைத் தொடங்கியவர், 1935-இல் ‘ஆம்ப்ர் சொலேர்’ என்ற எண்ணெயைக் கொண்டுவந்தார். பென்சைல் சாலிசிலேட் என்ற பொருளை எண்ணெயில் கலந்து, பூ வாசம் சேர்த்திருந்தார்கள். வந்த நேரம் அவருக்கு அடித்த யோகம். 1936 ஜூனில் லியோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு பிரான்ஸின் எல்லாத் தொழிலாளர்களுக்கும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை தரும் சட்டத்தை நிறைவேற்றியது. லியோ லக்ராஞ்ச் என்ற இளம் அமைச்சர் தொழிலாளர்களுக்கு 40 விழுக்காடு தள்ளுபடியில் ரயில் டிக்கெட் ஏற்பாடு செய்தார். வாழ்நாளில் கடலைப் பார்த்திராத குடும்பங்கள் சைக்கிளிலும் ரயிலிலும் கடற்கரைக்குக் கிளம்பின. ஆண்டு முழுவதும் கூரைக்கு அடியில் வெளுத்துக் கிடந்த முதுகுகள் ஒரே நாளில் முழு வெயிலுக்கு வந்தன. பதினான்கு நாளுக்குள் நிறம் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும், அப்போதுதான் பக்கத்து வீட்டாருக்கு விடுமுறை போய்வந்தது தெரியும். இன்றைக்கும் வெள்ளைத் தோல்காரர்களின் கடற்கரை விடுமுறையில் இந்த அவசரம்தான் பாதி ஆபத்து. தினமும் வெயிலில் வேலை செய்பவரின் தோல் மெல்ல மெல்லத் தடித்து நிறம் கூட்டிக்கொள்ளும். அலுவலகத்திலிருந்து நேராக மணலுக்கு வரும் தோலுக்கு அந்த அவகாசம் கிடையாது.

அந்த எண்ணெய் செய்த வேலையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். புற ஊதாவில் நம் தோலுக்கு வந்து சேர்வது இரண்டு வகை. ‘பி’ வகை மேல்தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். ‘ஏ’ வகை ஆழமாக இறங்கும். ஏற்கெனவே இருக்கும் நிறமியைக் கறுக்க வைக்கும், தோலைச் சுருங்க வைக்கும், புற்றுக்கும் துணைபோகும். பென்சைல் சாலிசிலேட் தடுத்தது ‘பி’யில் ஒரு பகுதியைத்தான். ‘ஏ’ தாராளமாக உள்ளே போனது. வாங்கியவர் கேட்டதும் அதைத்தான்: எரிச்சல் குறைய வேண்டும், நிறம் ஏற வேண்டும். ஆனால் எரிச்சல் என்பது தோல் கொடுக்கும் எச்சரிக்கை மணி. மணியை அடக்கிவிட்டு மக்களை இன்னும் நாலு மணி நேரம் மணலில் படுக்க வைத்தது அந்த எண்ணெய். இந்தப் பிழை அந்த ஒரு நிறுவனத்துடையது மட்டுமில்லை. அடுத்த நாற்பது ஆண்டு இந்தத் தொழில் முழுவதும் அதே அடித்தளத்தில்தான் நின்றது.

அதே காலத்தில் மற்ற ஊர்களிலும் ஆளாளுக்கு அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மில்டன் பிளேக் 1930-களின் தொடக்கத்திலேயே ஒரு வெயில் க்ரீமை உருவாக்கி விற்றார். 1938-இல் ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற ஆஸ்திரிய வேதியியல் மாணவர், ஸ்விட்சர்லாந்து எல்லையில் 3,312 மீட்டர் உயரமுள்ள பிட்ஸ் புயின் சிகரத்தில் ஏறி முகம் வெந்து இறங்கினார். பனி, விழும் புற ஊதாவில் எண்பது விழுக்காடுவரை திருப்பி அடிக்கும்; மேலிருந்தும் கீழிருந்தும் வெயில். 1946-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த களிம்புக்கு ‘பனியாற்று க்ரீம்’ என்று பெயர்; பின்னால் அந்தச் சிகரத்தின் பெயரே நிறுவனத்தின் பெயரானது.

அமெரிக்கக் கதை போரிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் விமானம் விழுந்து ரப்பர் தெப்பத்தில் நாள்கணக்கில் மிதக்க நேர்ந்த வீரர்களுக்கு, வெயிலைத் தடுக்கச் சிவப்பு நிறப் பெட்ரோலியக் களிம்பு கொடுத்தார்கள். கால்நடைகளுக்குப் பூசும் சரக்கு. பிசுபிசுவென்று ஒட்டும், தொட்ட இடமெல்லாம் கறை. ஆனால் உண்மையிலேயே மறைத்தது. மயாமி கடற்கரையில் மருந்துக் கடை வைத்திருந்த பெஞ்சமின் கிரீன், அந்த வகைக் களிம்பில் கோகோ வெண்ணெயும் மல்லிகை வாசனையும் சேர்த்து வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி, தன் வழுக்கைத் தலையில் பூசிச் சோதித்தார் என்பது பலரும் சொல்லும் கதை. 1944-இல் அது ‘காப்பர்டோன்’ ஆயிற்று. உயிர் காக்க வந்த களிம்பு, செம்பு நிறம் தரும் களிம்பாகக் கடைக்கு வந்தது. தொடக்க விளம்பரங்களில் செவ்விந்தியர் ஒருவரின் தலையை வரைந்து, வெளிறிய முகத்தோடு திரியாதே என்று எழுதினார்கள். 1953-இல் நாய்க்குட்டி ஒன்று சிறுமியின் குளியல் உடையைப் பின்னாலிருந்து இழுக்க, கறுத்த முதுகும் வெளுத்த அடிப்பகுதியும் தெரியும் படம் வந்தது. நெடுஞ்சாலைப் பலகைகளில் அமெரிக்கா முழுக்க அந்தச் சிறுமி நின்றாள். கறுத்த முதுகுதான் அந்தப் படத்தின் பெருமை.

நம் ஊர்த் தொலைக்காட்சியில் இதே பொருளை எப்படி விற்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அங்கே கறுக்கலாம் வா என்றார்கள், இங்கே கறுக்காமல் இருக்கலாம் வா என்கிறார்கள். இரண்டு இடத்திலும் விலைபோனது நிறம்தான். ஒரு மருந்துக்கு நிகரான பொருள் இப்படி அழகுச் சாமான் வரிசையிலேயே இத்தனை காலம் கிடந்தது எனக்கு ஆறாத வருத்தம்.

களிம்பின் வலுவை எண்ணால் சொல்லும் பழக்கம் மெதுவாக வந்தது. ஜெர்மனியின் ருடால்ஃப் ஷூல்ட்சே 1956-இல் கணக்கைப் போட்டுக் கொடுத்தார். முன்சொன்ன கிரைட்டர் அதற்கு எஸ்பிஎஃப் என்ற பெயரைப் பரப்பினார். 1978-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எடுத்துக்கொண்டது. பூசாத தோல் சிவக்க ஆகும் புற ஊதா அளவைப்போல் எத்தனை மடங்கு பட்டால் பூசிய தோல் சிவக்கிறது என்பதே அந்த எண். 15 என்றால் சிவக்க வைக்கும் கதிரில் 93 விழுக்காடு நிற்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே இருக்கும் தூரம் அவ்வளவுதான். சிவப்பை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் ‘ஏ’ வகைக் கதிரைப் பற்றி எண் ஒன்றும் சொல்லாது. அதையும் பிடிக்கும் அவோபென்சோன் 1970-களில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது. இரண்டு வகையையும் தடுக்கும் என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

எல்லா வெள்ளைத் தோலும் ஒன்றுபோல் வேகாது. மெலனின் நிறமியில் பழுப்பு-கறுப்பு வகை ஒன்று, சிவப்பு-மஞ்சள் வகை ஒன்று. முதலாவது நல்ல கவசம். இரண்டாவது மட்டமான கவசம். எது எவ்வளவு சுரக்கும் என்பதை எம்சி1ஆர் என்ற மரபணு பெரிதும் தீர்மானிக்கிறது. செம்பட்டை முடியும் முகப் புள்ளிகளும் உள்ள ஐரிஷ், ஸ்காட்டிஷ் மக்களில் பலருக்கு இந்த மரபணு மாறியிருக்கிறது. அவர்கள் எத்தனை நாள் கிடந்தாலும் கறுக்கவே மாட்டார்கள். சிவப்பார்கள், உரிவார்கள், மறுபடி வெளுப்பார்கள். 1979-இல் அமெரிக்காவில் தோல் மாதிரிகளை அளந்தபோது, கறுப்பினத்தவரின் மேல்தோலே சுமார் 13 எஸ்பிஎஃப் அளவுக்கும், வெள்ளையரின் மேல்தோல் 3 சொச்சம் அளவுக்கும் தடுப்பதைக் கண்டார்கள். நம் தோல் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அதற்காக நமக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. ஆனால் பிறவியிலேயே கவசம் இல்லாதவரின் அவஸ்தை வேறு மாதிரி.

அந்தக் கவசம் இல்லாதவர்கள் போய்க் குடியேறிய இடம் குயின்ஸ்லாந்து. ஐம்பதைத் தாண்டிய வடக்கு அட்சரேகையின் மங்கிய வெயிலுக்குப் பழகிய தோல், 27 பாகை தெற்கில் இருக்கும் பிரிஸ்பேனில். தெற்கின் கோடைக்காலத்தில் பூமி சூரியனுக்குச் சற்று அருகிலும் இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் அந்த மக்கள் தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு கடற்கரையில் வறுபட்டார்கள். எண்ணெய் பெரிதாக எதையும் தடுக்காது. விளைவு அடுத்த தலைமுறையில் மருத்துவமனைக்கு வந்தது. மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றில் உலகின் உச்சியில் நிற்பவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். 70 வயதுக்குள் மூன்று ஆஸ்திரேலியரில் இருவருக்காவது ஏதாவதொரு வகைத் தோல் புற்று வருகிறது.

களிம்பின் கதை இங்கேதான் திரும்புகிறது; விற்பவர்கள் கையிலிருந்து அதை வாங்கி வேறு வேலைக்கு வைத்தவர்கள் மெல்பர்னில் இருந்தார்கள். 1981-இல் விக்டோரியா மாநிலப் புற்றுநோய் எதிர்ப்பு மன்றம் ஒரு கார்ட்டூன் கடற்பறவையைத் தொலைக்காட்சியில் ஆடவிட்டது. பெயர் சிட். குட்டைக் கால்சட்டை போட்ட அந்தப் பறவை ‘ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்’ என்று பாடியது: சட்டையை மாட்டு, களிம்பை அப்பு, தொப்பியைப் போடு. விளம்பரத் தொழிலில் புகழ்பெற்ற ஃபிலிப் ஆடம்ஸும் ஓவியர் அலெக்ஸ் ஸ்டிட்டும் உருவாக்கியது. பிள்ளைகள் தெருவெல்லாம் பாடினார்கள்.

அந்தப் பாட்டின் வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன். சட்டை முதலில். களிம்பு இரண்டாவது. 45 ஆண்டுக்கு மேலாகக் களிம்பு தனியாக நின்று, என்னைப் பூசிக்கொண்டு உரித்துப் போட்டுப் படு என்று சொல்லிவந்தது. மெல்பர்ன்காரர்கள் அதைச் சட்டைக்கும் தொப்பிக்கும் நடுவில் ஓர் உதவியாளாக உட்கார வைத்தார்கள். துணி மறைக்கும் இடத்தைத் துணிக்கு விடு, மறைக்க முடியாத முகத்துக்கும் புறங்கைக்கும் காலுக்கும் களிம்பு. இந்த ஒரு மாற்றத்தில்தான் அது நிறம் விற்கும் சரக்கிலிருந்து உடம்பு காக்கும் கருவியானது என்பேன்.

அரசும் கூடவே வந்தது. 1988-இல் தொடங்கிய ‘சன்ஸ்மார்ட்’ இயக்கத்துக்குப் புகையிலை வரியிலிருந்து பணம் போனது. பள்ளிக்கூடங்களில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு மைதானம் இல்லை என்ற விதி வந்தது. மெல்பர்னிலும் சிட்னியிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அகல விளிம்புத் தொப்பியோடுதான் இடைவேளைக்கு ஓடுகிறார்கள். சன்ஸ்கிரீனுக்கு அங்கே ஜிஎஸ்டி கிடையாது. கிரிக்கெட் பார்க்கும் நமக்கு ஷேன் வார்னும் தென்னாப்பிரிக்காவின் ஆலன் டொனால்டும் முகத்தில் பூசிய வெள்ளைப் பட்டை நினைவிருக்கும். அது துத்தநாக ஆக்சைடு. நாள் முழுக்க மைதானத்தில் நிற்கும் வெள்ளைக்காரருக்கு மூக்கையும் உதட்டையும் காப்பாற்ற அதைவிட நம்பகமானது அன்று வேறில்லை.

களிம்பு புற்றை உண்மையிலேயே தடுக்கிறதா என்ற கேள்விக்கு ஆதாரம் கொடுத்ததும் குயின்ஸ்லாந்துதான். பிரிஸ்பேனுக்கு வடக்கே நாம்பூர் என்ற ஊரில் அடெல் கிரீன் தலைமையில் மருத்துவர்கள் 1,621 பேரைச் சேர்த்தார்கள். 1992 முதல் 1996 வரை பாதிப் பேர் தலை, கழுத்து, கைகளில் தினமும் களிம்பு பூசினார்கள். மற்றவர்களை அவர்கள் வழக்கப்படி விட்டார்கள். தினமும் பூசியவர்களிடம் செதில்செல் புற்றுக் கட்டிகள் சுமார் 40 விழுக்காடு குறைந்தன. இன்னும் பத்தாண்டு பின்தொடர்ந்து 2011-இல் மெலனோமாக் கணக்கைச் சொன்னார்கள்: பூசியவர்களில் 11 பேர், மற்றவர்களில் 22 பேர். அவர்கள் பூசியது வெறும் எஸ்பிஎஃப் 16. பல் துலக்குவதுபோல் தினமும் பூசினார்கள் என்பதுதான் விஷயம்.

கடற்கரை விடுமுறையில் களிம்பு கைவிடுவதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். உறையில் இருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்று ஆய்வகத்தில் அப்பிப் பார்த்த எண். மக்கள் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. வளர்ந்த ஒருவரின் உடம்பு முழுக்கப் பூச 30 முதல் 35 மில்லிலிட்டர் வேண்டும். அப்படியானால் 100 மில்லி பாட்டில் மூன்று முறைக்குத்தான் வரும். ஒரு பாட்டிலை வாங்கி நாலு பேர் குடும்பம் ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்புகிறது என்றால் அவர்கள் நான்கு பேரும் வெயிலைத்தான் பூசிக்கொண்டார்கள். வெயிலுக்குப் போவதற்கு இருபது நிமிடம் முன்பே பூச வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி, கடலில் இருந்து ஏறித் துடைத்ததும் மறுபடி. காது மடல், பிடரி, தலை வகிடு, பாதத்தின் மேல்புறம், முழங்காலின் பின்பக்கம் ஆகிய இடங்களை எல்லோரும் மறக்கிறார்கள், அங்கேதான் வேகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் களிம்பே வேண்டாம். நிழலும் துணியும் போதும். குடையின் கீழ் உட்கார்ந்தாலும் மணல் சுமார் 15 விழுக்காடும் அலை நுரை 25 விழுக்காடும் புற ஊதாவைத் திருப்பி அடிக்கின்றன. அரை மீட்டர் ஆழத் தண்ணீரிலும் மேலே இருப்பதில் 40 விழுக்காடு வந்துவிடும், அதனால் கழுத்தளவு நீரில் நிற்பவருக்கும் தோள் வேகும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் முழுவதும் மணலில் இருக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது உண்டு. கைக்கடிகாரம் வேண்டாத, எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் அது.

துணிக்கும் எண் உண்டு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996-இல் அதற்கான தரத்தை வெளியிட்டன. மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் நாம் நினைக்கும் அளவுக்குத் தடுப்பதில்லை, நனைந்தால் இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, அடர்நிற நீச்சல் சட்டை 50-ஐத் தாண்டும். அலைச்சறுக்குப் பலகையில் உரசிப் புண்ணாகாமல் இருக்க அலைச்சறுக்கு வீரர்கள் போட்ட முழுக்கைச் சட்டைதான் இன்று கடற்கரையில் ஆஸ்திரேலியக் குழந்தைகளின் சீருடைபோல் ஆகியிருக்கிறது. பாட்டிலைப்போல் தீராது, மறுபடி பூச வேண்டாம், வேர்வையில் வழியாது.

கடலுக்கும் அதுவே நல்லது. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு பொருள்களும் பவளங்களுக்குக் கேடு என்று ஹவாய் 2018-இல் சட்டம் போட்டு, 2021 முதல் அவை கலந்த களிம்புகளின் விற்பனையைத் தடுத்தது. பலாவ் தீவு நாடு அதற்கு ஓராண்டு முன்பே தடுத்தது. பவளம் அழிவதற்குக் கடல் சூடாவதுதான் தலையாய காரணம். களிம்பின் பங்கு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. முழுக்கைச் சட்டை போட்டவருக்குப் பாதிக் களிம்பு போதும் என்பதில் விவாதம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இளைஞர்களிடம் மெலனோமா குறைந்துவருகிறது. சிட் பறவையின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களும் அவர்களுக்குப் பின் பிறந்தவர்களும் அவர்கள். இத்தனை பாடுபட்ட நாட்டில் 2025 ஜூனில் நுகர்வோர் அமைப்பான ‘சாய்ஸ்’ 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது, 16 தங்கள் உறையில் போட்டிருந்த எண்ணை எட்டவில்லை. அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது இன்னும் மனிதத் தோலில்தான். குறைந்தது பத்துத் தன்னார்வலர்களின் முதுகில் பூசி, விளக்கைக் காட்டி, மறுநாள் சிவப்பைக் கண்ணால் பார்த்து எழுதுகிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை மாறுகிறது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2024 இறுதியில், யாருடைய முதுகையும் சிவக்க வைக்காமல் அளக்கும் முறைகளை வெளியிட்டிருக்கிறது. நாடுகள் அவற்றைத் தங்கள் சட்டத்தில் சேர்க்கத் தாமதிக்கக் கூடாது. மகளின் முதுகில் களிம்பு பூசும் தாய்க்கு, பாட்டிலில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தவிர நம்புவதற்கு வேறு எதுவும் கையில் இல்லை.